தபாலில் வந்த சமுத்திரம்

தபால் தலை சேகரிக்கும் வழக்கம் நம் நாட்டில் பரவிய காலந்தொட்டு, உறையின் மூலையைக் கத்தரித்து, அத்துண்டைத் தட்டில் ஊற்றிய தண்ணீரில் மிதக்கவிட்டு, பசை இளகியதும் தலையை மட்டும் பக்குவமாக உரித்தெடுத்து, பழைய செய்தித்தாளின்மேல் கவிழ்த்துக் காயவைத்து, எஞ்சிய காகிதத்தைக் குப்பையில் எறிந்துவிடுவதே முறை என்று பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கற்பித்து வந்திருக்கிறார்கள். அழகான படம் கைக்கு வந்துவிட்டது, அழுக்குக் காகிதம் யாருக்கு வேண்டும் என்பது அவர்களுடைய நியாயம். ஆனால் கடிதம் எந்த ஊரிலிருந்து எந்தத் தேதியில் புறப்பட்டது, யாருடைய விலாசத்துக்குப் போயிற்று, வழியில் எத்தனை அலுவலகங்கள் அதன்மேல் முத்திரை குத்தின, அந்தத் தூரத்துக்கும் எடைக்கும் எவ்வளவு கட்டணம் செலுத்தப்பட்டது ஆகிய விவரங்கள் யாவும் அந்தக் குப்பைக் காகிதத்தில்தான் இருந்தன. இக்கட்டுரையில் ஆராய எடுத்துக்கொண்டவை, கடல்வாழ் ஜீவராசிகளைச் சித்திரித்த தலைகளை ஒட்டிக்கொண்டு, மெய்யாகவே தபாலில் பிரயாணம் செய்து வந்த உறைகள். மீன், திமிங்கிலம், கடல்நாய், ஆமை, சங்கு, பவளம் என்று கடல் தொடர்பான தலைகள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் வெளிவந்திருக்கின்றன. அவற்றைச் சுமந்து சென்ற கடிதங்களோ அந்த விகிதத்தில் இல்லை. சில தேசங்களின் தலைகளுக்கு உறைகள் ஏராளமாகக் கிடைப்பதும், வேறு சில தேசங்களின் மிக அழகிய தலைகளுக்கு உறை ஒன்றுகூட அகப்படாமல் போவதும் தற்செயலான விஷயம் அல்ல. கடலை ஒரு தேசம் எதற்காகத் தன் தபால் தலையில் அச்சிட்டது என்ற கேள்விக்கு உறைகள் சொல்லும் விடை, தலைகள் சொல்லும் விடையைக் காட்டிலும் நம்பத் தகுந்தது என்பதே என் அபிப்பிராயம்.

1840ஆம் ஆண்டில் இங்கிலாந்து முதல் தபால் தலையை வெளியிட்டபோது அதில் ராணியின் தலை இருந்தது; அதைப் பின்பற்றிய ராஜாங்கங்களும் பெரும்பாலும் அரசர் முகம், இலச்சினை, எண் ஆகியவற்றோடு திருப்தியடைந்தன. கனடா 1851இல் நீர்நாயைப் போன்ற பீவரையும், மேற்கு ஆஸ்திரேலியா 1854இல் கருப்பு அன்னத்தையும் அச்சிட்டதுண்டு. ஆயினும் கடல்மீனுக்கு அந்த மரியாதையை அளித்தது, கனடாவோடு அப்போது சேராமல் தனிக் குடியேற்றமாக இருந்த நியூஃபவுண்ட்லாந்து. 1865இல் வெளிவந்த அதன் வரிசையில் 2 சென்ட் தலையில் பச்சை நிறத்தில் காட் மீனும், 5 சென்ட் தலையில் பழுப்பு நிறத்தில் கடல்நாயும் இடம்பெற்றன. அச்சிட்டது நியூயார்க்கிலிருந்த அமெரிக்கன் பேங்க் நோட் கம்பெனி. செதுக்கியவர் கடல்நாயைத் துடுப்புகளோடு வரையாமல், நகம் முளைத்த முன்னங்கால்களை ஊன்றிப் படுத்திருக்கும் நாயைப் போல வரைந்துவிட்டார் என்று அன்றுமுதல் பரிகாசம் செய்துவருகிறார்கள். இல்லை, ஒருவகைக் கடல்நாய்க்கு அப்படித்தான் இருக்கும் என்று வாதாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பரிகாசம் ஒருபுறமிருக்க, 1868இல் கருப்பு நிறத்திலும் 1876இல் நீல நிறத்திலும் அதே பிராணி மறுபடியும் அச்சேறியதைப் பார்த்தால், அத்தீவின் ஜனங்களுக்கு அந்தக் கால்களைப் பற்றி அதிகக் கவலை இருந்ததாகத் தோன்றவில்லை.

அத்தீவின் உறைகளைக் கையில் எடுத்துப் பார்க்கும்போது ஒன்று விளங்கும். செயின்ட் ஜான்ஸ் துறைமுகத்திலிருந்து வர்த்தகர்கள் எழுதிய கடிதங்கள் அவை. கப்பலின் பெயரை உறையின் மேல் மூலையிலேயே சாய்வெழுத்தில் குறித்து, இன்ன நீராவிக் கப்பலில் அனுப்புக என்று எழுதியிருப்பார்கள். உப்பிட்டு உலர்த்திய காட் மீனை ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் பிரேசிலுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் ஏற்றுமதி செய்துதான் அந்நாடு ஜீவித்தது. ஆகவே மீனின் விலையைப் பேசும் கடிதத்தை மீனின் படமே சுமந்து சென்றது. அலங்காரத்துக்கென்று அவர்கள் அந்த மீனைத் தலையில் வைக்கவில்லை. பிற தேசங்கள் தங்க நாணயத்தில் அரசர் முகத்தை வைத்தது எதற்காகவோ அதற்காகவே வைத்தார்கள். 1949இல் அத்தீவு கனடாவோடு இணைந்ததும் அதன் சொந்தத் தலைகள் நின்றுபோயின. பின்னர் காட் மீன் குலமே அருகிப் போய், 1992ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் தேதி கனடா சர்க்கார் அங்கே அம்மீனைப் பிடிப்பதற்குத் தடை விதித்தபோது, ஏறத்தாழ 30,000 பேர் பிழைப்பை இழந்தார்கள்.

ஐஸ்லாந்து 1939இல் வெளியிட்ட ஹெர்ரிங், காட் மீன் தலைகளும் இந்த இனத்தைச் சேர்ந்தவையே. நித்திய உபயோகத்துக்கென்று அச்சடிக்கப்பட்டவை, ஆகவே உறைகளில் தாராளமாகக் கிடைப்பவை. இவற்றில் என் மனத்தைக் கவர்ந்தவை யுத்தகாலத்து உறைகள். 1940ஆம் ஆண்டு மே 10ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் ஐஸ்லாந்தில் இறங்கிய பின்னர், அங்கிருந்து வெளிநாடு சென்ற கடிதங்கள் தணிக்கை அதிகாரிகளின் கைகளைக் கடந்துதான் போகவேண்டியிருந்தது. அத்தகைய உறையின் இடது ஓரம் கத்தியால் நேராகக் கிழிக்கப்பட்டு, அந்தப் பிளவின்மேல் வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டப்பட்டிருக்கும். பட்டையில் கிரீடச் சின்னம், 'பி.சி. 90' என்ற படிவ எண், பரிசோதகர் திறந்து பார்த்தார் என்னும் அறிவிப்பு, அதன்கீழ் அந்தப் பரிசோதகரின் எண். வலது மூலையில் ரெய்க்யாவிக் முத்திரையின்கீழ் ஹெர்ரிங் மீன் ஒன்றும் அறியாததுபோல் நீந்திக்கொண்டிருக்கும். யுத்தத்தில் இங்கிலாந்தின் சாப்பாட்டு மேஜைக்கு ஐஸ்லாந்து மீன் எவ்வளவு இன்றியமையாததாக இருந்தது என்பதை அறிந்தவனுக்கு, அந்த ஒரு காகிதம் அந்தக் காலத்துச் சரித்திரத்தில் ஓர் ஏடு. தண்ணீரில் ஊறவைத்து எடுத்த ஹெர்ரிங் தலையோ, விலைப்பட்டியலில் சில காசு பெறும் ஒரு மீன் படம் மாத்திரமே.

திமிங்கில உறைகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். தென் அட்லாண்டிக்கில் பனி மூடிய தெற்கு ஜார்ஜியா தீவில், 1904இல் நார்வேக்காரரான கார்ல் ஆன்டன் லார்சன் கிரிட்விக்கன் என்னுமிடத்தில் திமிங்கில வேட்டை நிலையத்தை நிறுவினார். 1909இல் அங்கே பிரிட்டிஷ் நீதிபதி ஒருவர் நியமிக்கப்பட்டுத் தபால் ஆபீசும் ஏற்பட்டது. அக்காலத்தில் ஃபாக்லாந்து தீவுகளின் தலைகளே அங்கும் செலாவணியாயின. 1929இல் வந்த ஃபாக்லாந்து வரிசையில் ராஜாவின் தலைக்குக் கீழே ஒரு திமிங்கிலமும் பென்குயின்களும் காணப்படும். நார்வேயின் சான்டஃப்யோர்ட், டொன்ஸ்பெர்க் முதலிய ஊர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மாதக்கணக்கில் எண்ணெயும் இரத்தமும் நாறும் கரையில் உழைத்து, வீட்டாருக்கு எழுதிய கடிதங்களின்மேல் அந்தத் திமிங்கிலத்தை ஒட்டினார்கள். பகல் முழுதும் எதை வெட்டினார்களோ அதையே இரவில் நாவால் ஈரப்படுத்தி ஒட்டினார்கள் என்று சொன்னால் மிகையாகாது.

1963இல் தெற்கு ஜார்ஜியாவுக்கென்று தனி வரிசை வெளியாயிற்று. ஸ்பெர்ம் திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம், யானைக் கடல்நாய், சிறுத்தைக் கடல்நாய், கூனிறாலைப் போன்ற கிரில், ஒரு பவுன் தலையில் நீலத் திமிங்கிலம் என்று ஏறக்குறைய அந்தச் சமுத்திரமே அதில் அடங்கியிருந்தது. ஆனால் பாருங்கள், வேட்டையாடுவதற்குத் திமிங்கிலம் போதாமல் 1960களின் நடுப்பகுதியில் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. இந்த வரிசையின் திமிங்கிலத் தலைகளைத் திமிங்கில வேட்டைக்காரர்களே தங்கள் குடும்பக் கடிதங்களில் ஒட்டியது ஓரிரு ஆண்டுகள்தாம். 1971இல் தசம நாணய முறை வந்தபோது அதே தலைகளின்மேல் புதிய மதிப்பை அச்சடித்து விற்றார்கள். அதற்குள் அங்கே எஞ்சியிருந்தவர்கள் பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள். ஆகையால் 1964ஆம் ஆண்டு முத்திரையோடு, நார்வேயின் ஏதோவொரு சிற்றூர் விலாசத்துக்கு, உரிய கட்டணத்துக்கு உரிய ஒற்றைத் தலை ஒட்டிய உறை எங்கேனும் கிடைத்தால், அது கசங்கியிருந்தாலும் சேகரிப்பவர்கள் அதை விடமாட்டார்கள். முழு வரிசையையும் ஒரே உறையில் அழகாக அடுக்கி, சேகரிப்பவர் விலாசத்துக்கே அனுப்பிய கவர்களை அதற்கு ஈடாக மதிக்கமாட்டார்கள்.

இந்த வித்தியாசம்தான் இத்துறையின் பெரிய வழக்கு. அது 1950களில் முற்றியது. பலவண்ண அச்சு மலிவானதும், பவளப்பாறை மீன்களைப் போல அச்சுக்கு உகந்த பொருள் வேறில்லை என்பதைத் தபால் இலாகாக்கள் கண்டுகொண்டன. போர்ச்சுகீசிய ஆட்சியிலிருந்த மொசாம்பிக் 1951இல் 24 மீன்களைக் கொண்ட வரிசையை வெளியிட்டது. ஆழ்கடலில் உயிரோடு இருக்கும் புதைபடிவம் என்று புகழப்பட்ட சீலகாந்த் மீன் 1938இல் தென்னாப்பிரிக்கக் கரையில் முதலில் அகப்பட்டு, 1952இல் கொமோரோ தீவுகளருகே மறுபடி அகப்பட்டதும், அத்தீவுகள் 1954இல் அதைத் தலையில் ஏற்றின. இவற்றை வெறும் வியாபாரம் என்று தள்ளிவிட முடியாது. மொசாம்பிக்கின் சிறு மதிப்புத் தலைகள் லிஸ்பனுக்குச் சென்ற விமானத் தபால்களில் உண்மையாகவே உழைத்தவை. ஆனால் பாரசீக வளைகுடாவின் சிறு சமஸ்தானங்கள் சில, 1960களின் பிற்பகுதியில் வெளிநாட்டு ஏஜெண்டுகளிடம் உரிமையைக் கொடுத்துவிட, மீன் தலைகள் அருவியாகக் கொட்டின. உம் அல் குவைன் 1967இல் வெளியிட்ட வளைகுடா மீன்களை அறியாத பள்ளிக்கூடத்துச் சேகரிப்பாளன் இல்லை. அவற்றில் பெரும்பகுதி, அச்சுக்கூடத்திலேயே முத்திரை இடப்பட்டு, முதுகில் பசை மாறாமல் மூட்டைகளாக உலகச் சந்தைக்கு வந்தவை. முத்திரை இருக்கிறது, கடிதம் இல்லை. பிரயாணத்தின் அடையாளம் இருக்கிறது, பிரயாணம் இல்லை. அந்தச் சமஸ்தானங்கள் 1971 டிசம்பரில் ஒன்றுசேர்ந்து ஐக்கிய அரபு அமீரகமானதும் அந்த அருவி வற்றியது நல்ல காரியந்தான்.

இதற்கு நேர்மாறான உதாரணம் ஜப்பான். 1966இலும் 1967இலும் அந்நாடு வெளியிட்ட மீன்வள வரிசையில் சிங்கிறால், செந்நிறமான ப்ரீம், கானாங்கெளுத்தி, விலாங்கு, கணவாய், விஷமீனான ஃபுகு என்று பன்னிரண்டு உருவங்கள் வந்தன. அவ்வரிசை தொடங்கியபோது உள்நாட்டுக் கடிதக் கட்டணம் 10 யென். 1966 ஜூலையில் அது 15 யென்னாக உயர்ந்ததும் வரிசையின் தலைகளும் 15 யென் மதிப்புக்கு மாறின. சாதாரணக் கடிதத்துக்கு ஒரு தலை போதும் என்றிருந்ததால் ஜப்பானியர் அவற்றை வாங்கி வாங்கி ஒட்டினார்கள். அந்த உறைகள் இன்றும் மலிவு. மலிவென்பதால் ஏளனம் செய்யலாகாது. தபால் கட்டணமும் தலையின் மதிப்பும் பொருந்தியிருந்தால் மீன் தானாகவே ஊர் சுற்றும் என்பதற்கு அவை பிரத்தியட்சப் பிரமாணம்.

சேகரிப்பவனுக்காகவே செய்யப்பட்ட உறைகளை முற்றிலும் ஒதுக்கிவிடுவதா என்றால், அதற்கும் என் மனம் இடங்கொடுக்கவில்லை. பஹாமாஸ் தீவுகளில் ஜான் எர்னஸ்ட் வில்லியம்சன் என்பவர், கப்பல் தலைவரான தம் தந்தை கண்டுபிடித்த வளையும் இரும்புக்குழாயின் அடியில் ஓர் உருண்டை அறையைப் பொருத்தி, கண்ணாடிச் சாளரத்தின் வழியே கடலடியைப் படம்பிடித்தவர். 1916இல் வெளியான, கடலின் ஆழத்தில் இருபதாயிரம் லீக் என்னும் கதையின் சினிமாவுக்கு அவருடைய சாதனமே உதவிற்று. 1939 ஆகஸ்டில் அந்த உருண்டை அறைக்குள்ளேயே தபால் ஆபீஸ் திறக்கப்பட்டு, கடல்தளம், பஹாமாஸ் என்ற வாசகம் பொறித்த முத்திரை அங்கே குத்தப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்புதான் பஹாமாஸ் வெளியிட்ட 4 பென்ஸ் தலையில் நஸ்ஸா கடற்பூங்கா சித்திரிக்கப்பட்டிருந்தது. அந்தத் தலைமேல் அந்த முத்திரை விழுந்த உறையை எடுத்துக்கொள்வோம். எழுதியவரும் பெற்றவரும் விளையாட்டாகச் செய்ததுதான். ஆனாலும் தலையில் காட்டிய மீன்கள் நீந்தும் இடத்திலேயே முத்திரை குத்தப்பட்ட உறை உலகில் வேறு எங்கே உண்டு? சில வாரங்களில் மகாயுத்தம் மூண்டது என்பதையும் சேர்த்து நினைத்தால் அந்த விளையாட்டுக்கு ஒரு தனிச் சுவை ஏற்பட்டுவிடுகிறது. பிற்காலத்தில் வனுவாட்டு 2003இல் கடலுக்கடியில் தபால் நிலையம் அமைத்ததும், ஜப்பானின் சுசாமியில் 1999 முதல் பத்து மீட்டர் ஆழத்தில் தபால்பெட்டி இருந்துவருவதும் இந்த வழியில் வந்தவையே. வனுவாட்டில் மை கரைந்துவிடும் என்பதால் நீரில் நனையாத அட்டையில் எழுத்தை அழுத்திப் பொறிக்கிறார்கள். சுற்றுலாக்காரர் விளையாட்டு என்று பெரிய ரசிகர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

கடலில் நேரடியாகவே தபாலைக் கொண்டுபோன கதை ஒன்று, இங்கே சற்று விலகிச் சொல்லத் தகும். டோங்காவின் நியுவாஃபோ தீவில் துறைமுகம் இல்லாததால், தபாலைத் தகரப் பெட்டியில் அடைத்துக் கப்பலிலிருந்து வீச, நீச்சல்காரர்கள் அதை எடுத்துவருவார்கள். 1931இல் ஒரு நீச்சல்காரரைச் சுறா கொன்றுவிட்டது. அதன்பின் தோணிகளே சென்றுவந்தன. தலையில் சுறா இல்லை, உறையின் வரலாற்றில் இருக்கிறது. அத்தகைய உறையை இந்தச் சேகரிப்பில் வைக்கலாமா என்று கேட்டால், சட்டப்படி கூடாது, நான் வைப்பேன்.

வேட்டையும் அலங்காரமும் கடந்து, காப்பாற்றவேண்டும் என்ற எண்ணம் தலைகளில் வந்தது அண்மைக் காலத்தில். 1983 முதல் உலக வனவுயிர் நிதியத்தின் பாண்டா சின்னத்தோடு, ஒரு தேசம் நான்கு தலைகள் என்ற கணக்கில் வரிசைகள் வெளியாயின. தலை வெளியாகும் நாளின் முத்திரையைக் குத்திய நான்கு முதல் நாள் உறைகளும் நான்கு சித்திர அட்டைகளும் கூடவே விற்கப்பட்டன. ஆமையும் கடற்பசுவும் திமிங்கிலமும் அவற்றில் ஏராளம். 1990 அக்டோபரில் அமெரிக்காவும் சோவியத் ரஷ்யாவும் சேர்ந்து ஒரே சித்திரங்களைத் தத்தம் தலைகளில் அச்சிட்டன: கொலைத் திமிங்கிலம், கடற்சிங்கம், கடல் நீர்நாய், ஓங்கில். பனிப்போர் தணிந்ததன் அறிகுறி என்று மெச்சப்பட்டது. அமெரிக்காவில் அதன் மதிப்பு 25 சென்ட், அப்போதைய சாதாரணக் கடிதக் கட்டணம். ஆகவே மின்சாரக் கட்டண உறையில்கூடக் கொலைத் திமிங்கிலம் போயிற்று. ரஷ்யப் பங்காளியின் சாம்ராஜ்யமே அடுத்த ஆண்டின் முடிவில் மறைந்துவிட்டது.

நம் பக்கத்தில் இலங்கை 1983இலும் இந்தியா 1991இலும் கடல்வாழ் பாலூட்டிகளைக் கௌரவித்தன; பாக் ஜலசந்தியிலும் மன்னார் வளைகுடாவிலும் ஆவுளியா என்று மீனவர் அழைக்கும் கடற்பசு இரண்டு நாட்டுத் தலைகளிலும் உண்டு. இந்தியா 1998இல் கடற்சிப்பிகளையும், 2001இல் பவளங்களையும், 2009இல் பிலிப்பைன்சோடு கூட்டாகத் திமிங்கிலச் சுறாவையும் கங்கை ஓங்கிலையும் வெளியிட்டது. இவற்றின் முதல் நாள் உறைகள் எந்தத் தலை வியாபாரியிடமும் கட்டுக்கட்டாகக் கிடைக்கும். கீழக்கரையிலோ மண்டபத்திலோ முத்திரை விழுந்து, யாரோ மாமா யாரோ மருமகனுக்கு எழுதிய கடிதத்தில் ஆவுளியாத் தலை ஒட்டியிருப்பதைக் கண்டவர்கள் என் பழக்கத்தில் எவரும் இல்லை. அந்தக் கடிதங்கள் எழுதப்படாமல் இல்லை. மூலை கத்தரிக்கப்பட்டுத் தண்ணீரில் மிதந்துவிட்டன.

தேடுவோர் கவனிக்கவேண்டியவை சில உண்டு. விலை ஏறிய எந்தப் பொருளுக்கும் போலி உண்டு. வெற்றாய்க் கிடந்த பழைய உறையில் அபூர்வத் தலையை ஒட்டி விற்பது இத்துறையின் பழைய திருட்டு. முத்திரையின் வட்டம் தலையின்மேல் பாதியும் காகிதத்தின்மேல் பாதியுமாகத் தடையின்றி ஓடுகிறதா, இரண்டிலும் மையின் சாயல் ஒன்றா, முத்திரைத் தேதி தலை வெளியான தேதிக்குப் பிந்தியதா, ஒட்டிய மதிப்பு அன்றைய கட்டணத்தோடு பொருந்துகிறதா என்று ஒவ்வொன்றாகச் சோதித்தால் பெரும்பாலான போலிகள் பிடிபட்டுவிடும். கப்பலில் எழுதிப் போடப்பட்ட கடிதத்தில் மாத்திரம் ஏமாறக்கூடாது: நடுக்கடலில் போட்ட தபாலுக்குக் கப்பல் எந்த நாட்டுக் கொடியோ அந்த நாட்டுத் தலையை ஒட்டலாம், அடுத்த துறைமுகத்தில் பாக்போ என்ற முத்திரை விழும் என்பது சர்வதேசத் தபால் விதி, ஆகவே தலை ஒரு தேசத்ததாகவும் முத்திரை வேறு தேசத்ததாகவும் இருப்பது அங்கே குற்றமல்ல, சிறப்பு. வீட்டில் வைப்பதற்கு பி.வி.சி. உறைகளைத் தவிர்த்து, அமிலமற்ற காகிதமோ பாலியெஸ்டர் உறையோ பயன்படுத்தவேண்டும். கடற்கரை ஊர்களில் ஈரத்தால் படரும் பழுப்புப் புள்ளியும், இராமபாணப் பூச்சியும் எந்தப் போலிக்காரனையும்விட அதிகமாக அழித்திருக்கின்றன. போட்டிக் கண்காட்சிகளில் சர்வதேசத் தபால்தலைச் சம்மேளனத்தின் நடுவர்கள் நூற்றில் 30 மதிப்பெண்களை நிலைமைக்கும் அபூர்வத்துக்கும், ஐந்தே ஐந்தை அலங்கார அமைப்புக்கும் ஒதுக்குகிறார்கள் என்பதை, வண்ணத்தாளில் ஒட்டி ஜரிகை போடுகிறவர்கள் நினைவில் வைப்பது நல்லது.

இனி இத்தகைய உறைகள் பெருகப்போவதில்லை. டென்மார்க்கில் அரசுத் தபால் நிறுவனம் 2025ஆம் ஆண்டின் முடிவோடு கடிதப் பட்டுவாடாவையே நிறுத்திவிட்டது. நம் ஊர்த் தபால் ஆபீஸ் ஜன்னலிலும் ஸ்பீட் போஸ்டுக்குக் கணினி அச்சிட்ட சீட்டைத்தான் ஒட்டுகிறார்கள். தலை வேண்டும் என்று கேட்டு வாங்கி ஒட்டுகிறவர் பெரும்பாலும் சேகரிப்பாளராகவே இருப்பார். ஆகையால் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு வக்கீலின் குமாஸ்தா அவசரத்தில் பவளத் தலை ஒன்றைக் கோணலாக ஒட்டி அனுப்பிய நோட்டீசு உறை, கட்டணம் சரியாகவும் முத்திரை தெளிவாகவும் இருந்து, எந்த வீட்டுப் பரணிலாவது அகப்படுமானால், அந்த ஆண்டின் முதல் நாள் உறைகள் முழுவதையும் கொடுத்தாவது அதை வாங்கலாம்.